அடுத்த கட்டடம் வரை ஒரு பாலைவனப் பயணம்

நாங்கள் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் புறப்பட்டது கார்த்திகை மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. வருஷத்தில் சந்தேகம் இல்லை; அதை அடுத்து வந்த தை மாதத்தில்தான் தேசம் குடியரசாயிற்று. புறப்பட்ட அன்று மத்தியானம் அப்பா வழக்கம்போல் ஆபீசில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பம்பாய் மாட்டுங்கா மார்க்கெட்டில் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் புறப்பட்டாயிற்று. இது எப்படி என்று சொல்ல மாமாவின் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

மாமா அம்மாவின் தம்பி. வடாலாவில் ஒரு கிடங்கில் குமாஸ்தா. எங்கள் இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, நான், என் தம்பிகள் இருவர், இவர்களோடு அவரும் இருந்தார். ஊரிலிருந்து வேலை தேடி வந்து, கிடைக்கும்வரை பால்கனியில் படுத்துக்கொள்ளும் யாராவது இரண்டு பேரும் எப்போதும் உண்டு. ஆள் மாறும், எண்ணிக்கை மாறாது. அந்தக் குளிர்காலத்தில் பால்கனியில் இருந்தவர்களில் ஒருவருக்கு டைப்ரைட்டிங் தெரியும். இன்னொருவருக்கு அதுவும் தெரியாது.

யுத்தம் முடிந்து வருஷங்கள் ஆகியும் சர்க்கார் பழைய மிலிடரி சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டே இருந்தது. பூட்ஸும் தண்ணீர்க் குப்பியும் காக்கிப் பையுமாக மாட்டுங்காவில் பாதிப் பேர் போர்முனையிலிருந்து நேராக வந்தவர்கள்போல நடமாடினார்கள். மாமாவும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு லாரியையே எடுத்துவிட்டார்கள். லாரி என்று சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். ஆயுதம் ஏற்றிப் போவதற்கென்றே அமெரிக்காக்காரன் செய்தது, ஆப்பிரிக்க மணலில் ஓடியது என்பார். ஆப்பிரிக்காவில் ஓடிய வண்டி வடாலாவுக்கு எதற்கு வந்தது என்று அப்பா கேட்டார்.

“ஜெயிச்ச வண்டி அத்திம்பேர். எங்க வேணா வரும்.”

இப்படிப்பட்ட வண்டியில் பூனாவுக்குப் போவது வண்டிக்கே அவமானம் என்று மாமா நினைத்தார். ஆகவே ராஜபுதனம். ஆமதாபாத், ஆபு மலையடிவாரம், ஜோத்பூர், அங்கிருந்து மேற்கே வெறும் மணல். கிறிஸ்துமஸ் லீவில் போய்ப் புது வருஷம் பிறந்ததும் திரும்பிவிடலாம். தினமும் சாப்பாடு ஆனதும் தேசப்படம் தரையில் விரியும். அதன் மேல் கால் படாமல் தாண்டிப் போக வீட்டில் எல்லோரும் பழகிக்கொண்டோம்.

அப்பா எதையும் நேராக மறுக்க மாட்டார். பஞ்சாங்கத்தை எடுப்பார். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். அந்தக் கிழமைகளில் அந்தத் திசையில் பயணம் கூடாது. ஆமதாபாத் வரை வடக்கு, அது சரி. அப்புறம்தான் சிக்கல்.

“ரோடு வளைஞ்சு வளைஞ்சுன்னா போறது, அத்திம்பேர்? செவ்வாய்க்கிழமையா பார்த்து வடக்கே வளைஞ்சா?”

“நிறுத்திட்டு உக்காந்துக்கறது.”

“புதன்கிழமையும் வடக்கேதானே சூலம்?”

“ரெண்டு நாளா உக்காந்துக்கறது. லீவுதானேடா!”

அடுத்த தகராறு தட்பவெப்பத்தைப் பற்றி. அப்பா நிறையப் படித்தவர். அவர் படித்ததில் எல்லாம் பாலைவனம் என்றால் கொதிக்கும் மணல், கானல், தாகம். குளிர்காலம் என்றால் கொதிப்பது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நன்னாரி, வெட்டிவேர் விசிறி, நெற்றியில் போட்டுக்கொள்ளச் சந்தனம் என்று சேகரிக்கத் தொடங்கினார். மாமாவோ, கிடங்குக்கு வரும் மார்வாடி வியாபாரி ஒருவர் சொன்னதாக வேறு செய்தி கொண்டுவந்தார். மார்கழியில் அங்கே பல் கிட்டிப் போகுமாம். பஞ்சு அடைத்த ரஜாய் இல்லாமல் போனால் விறைத்துப்போய்த்தான் திரும்ப வேண்டுமாம்.

“பாலைவனத்துக்கு மெத்தையைப் போத்திண்டு போகணுமா? ஏண்டா, அடுப்புக்குள்ள உக்காந்து கம்பளி போத்திக்கச் சொல்றயா?”

பால்கனிக்காரர்களும் கட்சி பிரிந்தார்கள். டைப்ரைட்டிங் தெரிந்தவர் அப்பா பக்கம், வெயில் கட்சி. மற்றவர் குளிர்க் கட்சி. இருவருக்கும் வேலை இல்லாததால் வாதாட நேரம் நிறைய இருந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காலையில் விட்ட இடத்திலேயே பேசிக்கொண்டிருப்பார்கள்.

இத்தனையிலும் உண்மையாகவே போக வேண்டும் என்று ஆசைப்பட்டது அம்மா ஒருத்திதான். மாமாவுக்கு வண்டி ஓட்ட வேண்டும். அப்பாவுக்கு நாள் பார்க்க வேண்டும். எனக்கு ஒட்டகத்தைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்குப் போக வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பம்பாயை விட்டுப் போன ஒரே இடம் பாலக்காடு. அதைக் கணக்கில் சேர்க்க அவள் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் தோசைக் கரண்டியோடு வந்து தேசப்படத்தின் ஓரத்தில் நின்றாள்.

“இங்க எட்டுப் பேருக்கு வடிக்கறேன், அங்க போனா இருபது பேருக்கு வடிக்கறேன். அது ஒரு பிரயாணமா? நெஜம்மாவே போறோமா, இல்லே பேசிண்டே இருக்கப் போறோமா? அதை மட்டும் சொல்லிடுங்கோ.”

“போறோம்” என்றார்கள் அப்பாவும் மாமாவும் ஒரே குரலில். அந்தத் திட்டத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

அதற்கு மறுநாள் பஞ்சாங்கத்தில் இன்னொரு பக்கம் புரண்டது. லீவு வருவது மார்கழியில். மார்கழியில் அப்பா புதுச் செருப்புகூடப் போட்டுக்கொள்ள மாட்டார், யாத்திரை தொடங்குவதாவது! திட்டம் அங்கேயே கவிழ்ந்திருக்கும். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, அப்பாவே ஒரு வழியும் கண்டுபிடித்தார். பரஸ்தானம்.

நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், அன்று தங்கள் பொருள் ஒன்றைப் போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம். பொருள் புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் கெடுவுக்குள் என்றைக்கு வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு வழியோடு போகலாம். மாதம், கிழமை, சூலம் எதுவும் பார்க்க வேண்டியதில்லை. பொருளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் மட்டும் புறப்பாடு ரத்து. கார்த்திகை முடிவதற்குள் இதைச் செய்துவிட்டால் மார்கழியின் வாயை அடைத்துவிடலாம்.

மாமா ஏலத்தில் வாங்கிய திசைகாட்டியைப் பால்கனியில் வைத்துப் பார்த்ததில், முள் அடுத்த கட்டடத்தின் மூன்றாவது மாடியைக் காட்டியது. அந்த வீட்டு மாமிக்கு அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வடக்கு மாமி என்றே பெயர். வியாழக்கிழமை விடிந்ததும் நாங்கள் ஊர்வலமாகப் போய் அவர் கதவைத் தட்டினோம். மாமி கையில் காப்பி வடிகட்டியோடு வந்து, அப்பா சொன்னதை முழுவதும் கேட்டார்.

“பாலைவனத்துக்கா? எங்காத்து வழியாவா?”

பிறகுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. அவருடைய மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. பெண்ணும் மாப்பிள்ளையும் இருந்தது ஜோத்பூருக்கும் அப்பால் பார்மேரில், மணலின் நடுவில். பெண்ணுக்கு அது இரண்டாவது பிரசவ சமயம். போனால் எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

அப்பா தம் குடையை வைத்தார். மாமா க்ஷவரப் பெட்டியை வைத்தார். நான் என் ரிப்பனை. தம்பிகள் ஆளுக்கொரு பம்பரத்தை. அம்மா ஒரு டிரங்குப் பெட்டியை வைத்தாள். அதில் புடவைகள், சீப்பு, குங்குமச் சிமிழ், எந்தக் கட்சியோடும் பேசாமல் அவள் எங்கிருந்தோ வரவழைத்த ஒரு ரஜாய் எல்லாம் இருந்தன.

“அடையாளத்துக்கு ஒண்ணு போறுமேடி” என்றார் அப்பா.

“நான் அடையாளத்துக்குப் போகலையே” என்றாள் அம்மா.

பாலைவனத்துக்குப் புறப்பட்டுவிட்ட நாங்கள், இட்லி ஆறிவிடும் என்று வீட்டுக்குத் திரும்பினோம்.

மறுநாள் காலையிலேயே ஒரு சங்கடம் தெரிந்தது. மாமா முகம் மழிக்க வேண்டுமென்றால் பெட்டி பாலைவன வழியில் இருந்தது. கொண்டுவரவும் கூடாது. எனவே தினமும் துண்டும் சோப்புமாக அடுத்த கட்டடத்துக்குப் போய், வடக்கு மாமி வீட்டுக் கண்ணாடிமுன் நின்று மழித்துக்கொண்டு வந்தார். தம்பிகள் அன்று மாலையே பம்பரங்களைத் திருடிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்கள் பயணம் ரத்தானதாக அப்பா அறிவித்ததும் இருவரும் அழுதார்கள். ஆனால் பம்பரத்தைத் திருப்பித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. சத்தம் முதலில் வந்தது, புகை அடுத்து வந்தது, கடைசியில் மாமா வந்தார். தெருவே பால்கனிகளில் நின்று பார்த்தது. நாங்கள் ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்தோம். அப்புறம் அது கிளம்பவில்லை. பழுது ஒன்றும் இல்லை. பெட்ரோலுக்கு அப்போது கூப்பன் இருந்த காலம்; மூன்று பேரும் அந்த மாதத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த கூப்பன் முழுவதையும் வண்டி வடாலாவிலிருந்து மாட்டுங்காவுக்கு வருவதற்குள் குடித்துவிட்டது.

“ஆப்பிரிக்கால பின்னாலயே பெட்ரோல் டாங்கி வந்திருக்கும்டா” என்றார் அப்பா. குரலில் வருத்தமே இல்லை.

வண்டி பிறகு, தேசம் பிரிந்தபோது சிந்துவிலிருந்து வந்து உல்லாஸ்நகரில் புதிதாகக் கடை போட்டிருந்த ஒரு சிந்திக்காரருக்குப் போயிற்று. இதில் எங்கே போவதாக இருந்தீர்கள் என்று அவர் கேட்டாராம். மாமா சொன்னதும், “அந்த மணலைத் தாண்டித்தான் ஓடி வந்தேன். அதைப் பார்க்கவா ஆள் போவது?” என்றாராம். மாமா இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு திட்டம் முடிந்தது. அப்பா குடையை எடுத்து வந்தார். மாமா பெட்டியை மீட்டு வந்து, வீட்டுக் கண்ணாடியில் நெடுநேரம் மழித்துக்கொண்டார். என் ரிப்பனும் திரும்பியது. அம்மாவின் டிரங்கை எடுத்துவர மாமா கிளம்பினார்.

“அது அங்கேயே இருக்கட்டும்” என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்து வடக்கு மாமி தந்தியோடு ஓடி வந்தார். பெண்ணுக்கு நாள் நெருங்கிவிட்டது, உடனே வரவும். மாமியின் கணவருக்கு லீவு இல்லை. மூன்று ரயில் மாறித் தனியாகப் போக மாமிக்குப் பயம். “யாராவது துணைக்கு...” என்று அவர் இழுப்பதற்குள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“நான் வரேன் மாமி. என் பெட்டி உங்காத்துலதானே இருக்கு.”

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தினார். எட்டுப் பேருக்கு யார் சமைப்பது என்று கேட்க வந்தவர், அது நன்றாக இராது என்று பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

“மார்கழில யாராவது யாத்திரை கிளம்புவாளோ?”

“நான் எங்க மார்கழில கிளம்பறேன்? கார்த்திகையிலேயே கிளம்பியாச்சு. நீங்கதானே நாள் பார்த்துக் குடுத்தேள்?”

“இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம்.”

“நான் போனது வியாழக்கிழமைன்னா!”

அப்பா கெடுவை எண்ணிப் பார்த்தார். தாண்டவில்லை. பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அவளுக்கு எதிராக அதில் ஒரு வரிகூட இல்லை. மாமா பால்கனிக்குப் போய்ச் சத்தம் வராமல் சிரித்தார். அன்று சாயங்காலம் அம்மா வெறுங்கையோடு எங்கள் வீட்டுப் படியிறங்கிப் போனாள். அப்படி ஒருவர் தூர தேசம் போவதை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் அப்பா சமைத்தார். ரசம் ஒரு நாள் சாம்பாராக வரும்; சாம்பார் எதுவாகவும் வராது. பால்கனியில் டைப்ரைட்டிங் தெரியாதவருக்கு அவசர அவசரமாகச் செம்பூரில் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அம்மா திரும்பியது போகிக்கு முதல் நாள். உதடு வெடித்து, முகம் கறுத்து, கொஞ்சம் இளைத்தும் இருந்தாள். மாமியின் பெண்ணுக்குப் பெண் குழந்தை, சுகப் பிரசவம். அதைக்கூட முழுவதும் சொல்லவிடாமல் அப்பாவும் மாமாவும் வெயிலா, குளிரா என்று கேட்டார்கள்.

“பகல்ல வெயில். விடிகாலைல குளிர்.”

இரண்டு பேரும் தாங்களே ஜெயித்ததாக எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டேன்.

“அங்க என்னம்மா இருக்கு?”

“ஒண்ணும் இல்லடி.” கல்யாணச் சாப்பாட்டைச் சொல்கிறவள்போல அவள் இரண்டு கையையும் விரித்தாள். “குவார்ட்டர்ஸுக்குப் பின்னால போய் நின்னா, கண்ணுக்கு எட்டற வரைக்கும் ஒண்ணுமே இல்லை. ஒரு வீடு இல்லை, மரம் இல்லை, சத்தம் இல்லை. தினம் சாயங்காலம் போய் நிப்பேன்.”

“நின்னு?”

“நின்னு என்ன? நிப்பேன்.”

“ஒட்டகம்?”

“இருந்தது. அது பாட்டுக்கு இருந்தது.”

எனக்குத் துக்கமாக இருந்தது. அத்தனை வாதாடி, மூன்று ரயில் மாறிப் போய், பாவம், அம்மாவுக்குக் கிடைத்தது இதுதானா? அடுத்த தடவை ஏதாவது இருக்கிற இடமாகப் பார்த்துப் போகலாம் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பால்கனிக்குப் புதிதாக வந்திருந்த ஒருவர், இன்னும் அரை டம்ளர் காப்பி கிடைக்குமா என்று கேட்டார். அவள் எழுந்து உள்ளே போனாள். அப்படி அவளை ஏமாற்றி அனுப்பியதற்காக அந்தப் பாலைவனத்தின் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது.