நாலாவது பாட்டின் கடைசி நாற்பது செக்கன்

என்னைப் புகழ்ந்து எழுதியதை வாசித்துப் பயந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். எங்கள் அல்பம் இணையத்தில் ஏறி மூன்றாம் நாள். பாடசாலை ஆசிரியர் அறையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: “நாலாவது பாட்டின் முடிவில், கிற்றார் அடங்கும் இடத்தில், பள்ளிவாசல் பாங்கு ஒலியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கல்முனையிலிருந்து இப்படி ஒரு துணிச்சலா!”

எங்களுக்குத் துணிச்சல் இருந்தது என்பது எனக்கே புதினமான செய்தி. நாங்கள் பாங்கை எங்கேயும் வைக்கவில்லை.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். கணக்கு வாத்தியார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நானும் கல்முனைக்குடியில் மனைவிக்குக் கொடுத்த வீட்டில்தான் இருக்கிறேன். மாமாவும் மாமியும் அதே வளவில் பின்வீட்டில். மாமா பள்ளிவாசல் மரைக்காயர்மாரில் ஒருவர், நிர்வாகத்தில் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதைவிட, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதும் அவர்தான். பள்ளியில் பாங்கு சொல்வதற்கென்றே முஅத்தின் ஒருவர் இருந்தாலும் அந்த ஒரு நேரத்தை மாமாவுக்கு விட்டுக்கொடுத்து வருடக்கணக்காகிவிட்டது. அந்தக் குரலைத் தெரியாத ஆள் எங்கள் பகுதியில் இல்லை. இப்படிப்பட்டவரின் வீட்டு மாடியில் ரொக் இசைக்குழு நடத்தலாம் என்று எனக்கு எந்தப் புத்தியில் தோன்றியதோ தெரியவில்லை.

நாங்கள் மூன்று பேர். நான் கிற்றார், பாட்டும் நான்தான். ட்ரம்ஸ் அடிப்பவன் மருதமுனையில் சாரன் கடை வைத்திருக்கிறான். பேஸ் கிற்றார் வாசிப்பதும், லெப்டொப்பில் ஒலிப்பதிவு செய்து பாட்டைக் கோர்ப்பதும் பாண்டிருப்பு நண்பன். தமிழ் ஆள், கோயில் திருவிழாவில் பஜனை பாடி வளர்ந்தவன். எங்கள் ஊர் ரியூசன் வகுப்பில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறான். பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளில் பள்ளி வீதியால்தான் வருவான், போவான்.

மாடி என்பது மனைவியின் தங்கைக்காக மாமா கட்டத் தொடங்கி அரைவாசியில் நிற்கும் மாடி. பூச்சு இல்லை, யன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. சத்தம் வெளியே போகாமல் இருக்க, ட்ரம்ஸ்காரன் கடையிலிருந்து கைத்தறிச் சாரன்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து சுவரெல்லாம் தொங்கவிட்டான். அப்படியும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் நின்றால் போதும், பாட்டை நிறுத்திவிட்டுப் பலகை இடுக்கால் எட்டிப் பார்ப்பேன். மார்க்கத்தில் இசை கூடுமா கூடாதா என்ற சண்டை எங்கள் ஊரில் ஓய்ந்ததே இல்லை. மரைக்காயர் வீட்டில் கிற்றார் என்று ஒருவர் தொடங்கினால் போதும்.

மாமா அனுமதி தரும்போது இரண்டே விஷயம் சொன்னார். “சத்தம் றோட்டுக்குக் கேக்கப்படாது. பாங்கு செல்லக்குள்ள கை நிக்கணும்.”

இரண்டையும் காப்பாற்றினோம். பாங்கு தொடங்கியதும், எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டானாலும் மூன்று பேரும் கையை எடுத்துவிடுவோம். பாண்டிருப்பு நண்பன் எங்களுக்கும் முந்திக் கையை எடுப்பான். கை நின்றது சரி. பதிவாகிக்கொண்டிருந்த லெப்டொப்பை நிறுத்த வேண்டும் என்று மட்டும் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலாவது பாட்டு பெற்றோல் வரிசைக் காலத்தைப் பற்றியது. அதன் முடிவில் கிற்றார் மட்டும் நீண்டு இரைந்துகொண்டே அடங்க வேண்டும். அதைப் பதிவுசெய்த அன்றைக்கு அந்த இடத்தில்தான் அசருக்குப் பாங்கு சொன்னது. கிற்றாரை ஸ்பீக்கர் பெட்டியில் சாய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது தன்பாட்டில் இரைந்து இரைந்து அடங்கியது.

சில கிழமை கழித்து நண்பன் போன் எடுத்தான். “மச்சான், நாலாவது பாட்டுக் கடைசியில ஒரு இரைச்சல் கிடக்கு. நல்லாத்தான் இருக்கு. வெட்டட்டா, விடட்டா?”

“விடு” என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னது நான். இதை நீங்கள் மறக்கக்கூடாது. நான்தான் பிறகு மறந்தவன்போல் நடந்தேன்.

அந்த இரைச்சலுக்கு அடியில் மாமாவின் குரல் மெல்லிசாக ஓடியது எங்களில் யாருக்கும் கேட்கவில்லை என்று சொன்னால் வெளியூரார் நம்பமாட்டார்கள். ஆனால் பிறந்த நாளிலிருந்து ஐந்து நேரமும் அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறவனுக்கு அது பாட்டுக்குள் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்று பிரித்துத் தெரியாது. முழு அல்பத்தையும் கடைசியாக ஹெட்போனில் கேட்டுச் சரிபார்த்தவன் நான். நாலாவது பாட்டு முடியும்போது பாங்கு கேட்டது. ஹெட்போனைக் கழற்றினேன், வெளியில் அமைதி. சொல்லி முடிந்துவிட்டது என்று நினைத்து, எழும்பி, கை கால் கழுவி வுழூ எடுத்துத் தொழப் பாயை விரித்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “இன்னும் பாங்கு செல்லல்லயே.”

“செல்லிட்டாங்க, நான் கேட்டன்” என்று சொல்லித் தொழுதேன். தொழுது முடித்த கையோடு பள்ளியில் பாங்கு சொன்னது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா அன்றைக்குச் சுணங்கிவிட்டார் என்றுதான் எண்ணினேன். அடுத்த நாள் அல்பத்தை ஏற்றச் சொல்லிவிட்டேன்.

ஆசிரியர் அறையில் அந்தப் புகழ்ச்சியை வாசித்த நிமிஷத்தில்தான் எல்லாம் விளங்கியது. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து நண்பனுக்குப் போன் எடுத்தேன். அவன் ஹெட்போன் போட்டுக் கேட்டான். “ஓம்டா... இரிக்கி” என்றான். பத்து நிமிஷத்துக்குள் பாட்டை இணையத்திலிருந்து கழற்றிவிட்டான்.

கழற்றி என்ன செய்ய? கடைசி நாற்பது செக்கனை மட்டும் யாரோ வெட்டி ஊர் வட்சப் குழுக்களில் விட்டிருந்தார்கள். முதலில், இது ஆருடைய பாங்கு என்று கேட்டார்கள். அது மாமாவின் குரல் என்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் பிடிக்கவில்லை. பிறகு, யார் இந்தப் பாட்டைச் செய்தது என்று கேட்டார்கள். அல்பத்தின் அட்டையில் நாங்களே பெருமையாகப் போட்டிருந்தோமே, யார் யார் என்ன செய்தது என்று. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் என்னையும் ட்ரம்ஸ்காரனையும் விட்டுவிட்டார்கள். “பாண்டிருப்பான் வேணுமெண்டு செய்திரிக்கான்” என்பதுதான் எல்லாக் குழுவிலும் ஓடியது. எங்கள் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் இப்படி ஒரு வசனம் எங்கேபோய் முடியும் என்று வயது வந்த எல்லாருக்கும் தெரியும். அவன் பின்னேர வகுப்புக்குப் பள்ளி வீதியால் வர வேண்டியவன். “வராதே” என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

வீட்டுக்குப் போனபோது மாமா எங்கள் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். கையில் போன். கேட்டு முடித்திருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. மனைவி கதவடியில் நின்றாள்.

“ஆரு மருமகன் இத வெச்ச?”

அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயம் மாமாவுக்கா, ஊருக்கா, இந்த வீட்டில் எனக்கு இருந்த இடம் போய்விடும் என்றா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வாய் தன்பாட்டில் சொன்னது. “கம்பியூட்டர் வேல எல்லாம் அவன்தான் மாமா. எனக்குத் தெரியா.”

மனைவி என்னைப் பார்த்தாள். நண்பன் வெட்டட்டா விடட்டா என்று கேட்ட அன்று அவள் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு பள்ளியில் மரைக்காயர்மார் கூடுகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னது. மாமா பின்வீட்டுக்குப் போய், சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். “நீங்களும் வாங்க” என்றார். போனோம். வுழூ எடுக்கும் தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் படியைக் காட்டி, “இதுல இரிங்க” என்று என்னை இருத்திவிட்டு அறைக்குள் போனார். உள்ளே கதைப்பது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

ஒருவர் சொன்னார், அந்தப் பாண்டிருப்பு ஆளின் வகுப்பை நாளைக்கே நிறுத்த வேண்டும் என்று. இன்னொருவர், கூப்பிட்டு நாலு பேருக்கு முன்னால் விசாரிக்க வேண்டும், பெடியன்கள் சூடாகி நிற்கிறான்கள் என்றார். நான் ஹவுள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய், ‘விடு என்று சொன்னது நான்’ என்று சொல்ல ஆறேழு எட்டுத்தான். கால் வரவில்லை.

பிறகு மாமாவின் குரல். “அந்தப் புள்ளைக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. மாடி என்ட. கொரல் என்ட. எனக்குத் தெரிஞ்சுதான் நடந்த. ஆரையும் விசாரிக்கத் தேவல்ல, என்ன விசாரிங்க.”

பள்ளிக்குள் இருந்துகொண்டு மாமா பொய் சொன்னார். வியாபாரத்தில்கூட ஒரு பொய் சொல்லியிராத மனிதர். அவரே திரும்பவும் சொன்னார், “இனி நான் பாங்கு செல்லல்ல. இதோட உட்டுருங்க.”

விட்டுவிட்டார்கள். நண்பன் இரண்டு கிழமைக்குப் பிறகு வகுப்புக்கு வரத் தொடங்கினான். மாமாதான் காப்பாற்றினார் என்று அவனுக்குச் சொன்னேன். யாரிடமிருந்து என்று சொல்லவில்லை.

பள்ளியில் கூடியதற்கு அடுத்த நாள் அசருக்கு முஅத்தினின் குரல் கேட்டது. மாமா விறாந்தையில் தொப்பி போட்டு இருந்தார். அந்த நேரத்தில் அவரை வீட்டில் நான் கண்டதே இல்லை. பாங்கு முடியும்வரை நின்றுவிட்டு, வெட்கம் பிடுங்கித் தின்ன, சொல்லிவிட்டேன்.

“மாமா, அத உடச் சொன்ன நான்தான். அவன் கேட்டவன். நான்தான் உடு எண்ட.”

“தெரியும். நேத்துப் பள்ளிக்குப் போக முந்தியே மகள் செல்லிட்டா.”

அவர் எழும்பிச் செருப்பைப் போட்டார்.

“தெரிஞ்சுதான் உங்களக் கூட்டிட்டுப் போய்ப் படியில இருத்தின. எழும்பி வருவீங்க எண்டு பாத்தேன், மருமகன். கனநேரம் பாத்தேன்.”