மூன்று இருமல்

நடந்து கிரிவலம் போக முடியாத வயசானவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றுவதுதான் என் கணவரின் பிழைப்பு. எட்டு லிங்கத்திலும் நிறுத்துவார். வெறுங்காலோடு நடப்பவர்களுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கவே மாட்டார். அவர்களாக விலகும்வரை இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டே வருவார். இதற்கு நடந்தே போகலாமே என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, வேங்கிக்காலில் என் ஆபீசுக்கு அந்தக் காரில்தான் போகிறேன். காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் மூன்று முறை இருமும். கடைசி வருஷத்தில் அவர் பல் தேய்க்கும்போது இருமிய அதே இருமல். இரண்டு குட்டை, ஒன்று நீளம். முதல் தடவை கேட்டபோது பதறிப்போய்ப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். போகப் போகப் பயம் விட்டது. அதைக் கேட்காமல் எனக்குப் பொழுது விடியவில்லை.

சர்வீசுக்கு விட்டபோது செங்கம் ரோட்டு மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"மெதுவா ஓட்டி ஓட்டியே உள்ள கார்பன் ஜாஸ்தியாயிடுச்சுக்கா. இந்த பாட்டில டேங்க்ல ஊத்தி, ஃபுல்லா பெட்ரோல் போட்டு, ஹைவேல நல்லா இழுத்து ஓட்டுங்க. கரியெல்லாம் வெளிய வந்துடும்."

வாங்கி டிக்கியில் போட்டேன். அடுத்த மாதம் விசாரித்தார். "ஊத்திட்டேங்க, அப்படியேதான் இருக்குது" என்று கூசாமல் சொன்னேன். இன்னொரு பாட்டில் கொடுத்தார். அதுவும் டிக்கிக்குத்தான் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் ரோட்டில் வண்டி திடீரென்று அணைந்தது. பக்கத்தில் என் மகள். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. டிரைவர் திட்டியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மகள் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தபோது என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அன்றே ஊற்றினேன். அவளை வீட்டில் விட்டுவிட்டு, வேலூர் ரோட்டில் தனியாக விரட்டினேன். கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிந்தது. அவர் அவசரப்படாமல் ஓட்டிய வருஷங்களெல்லாம் அதில் போய்க்கொண்டிருந்தன. போங்க என்று சொல்ல வாய் வரவில்லை. "போய்ட்டு வாங்க" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் வண்டி சட்டென்று உயிர்பெற்று, சத்தமே இல்லாமல் ஓடியது. நான் கியர் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மகளும் இன்ஜின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் கேக்கலம்மா" என்றாள்.