ஈரல் கொடுக்க ஆறு கிலோ

ஈரல் கொடுக்கப் போகிறவள் நான். அதற்காக வாயைக் கட்ட வேண்டியவளும் நான். இந்தச் சின்ன விஷயம் மட்டாஞ்சேரியில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

அண்ணனுக்குக் கல்லீரல் முழுக்கக் கெட்டுப்போயிருந்தது. உயிரோடு இருப்பவரின் ஈரலில் ஒரு பங்கை வெட்டி இன்னொருவருக்கு வைக்கும் ஆபரேஷன், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் கொச்சிக்குப் புதிது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் விளக்கினார். என் ரத்தம் பொருந்தியது. ஆனால் ஈரலில் கொழுப்பு. ஆறு வாரத்தில் ஆறு கிலோ குறைத்தால்தான் எடுக்க முடியும், அதற்கு மேல் அண்ணனுக்குத் தாங்காது என்றார்.

மறுநாளே இம்சை தொடங்கியது. பள்ளுருத்தி அத்தை ஆட்டு ஈரல் வறுவலோடு பஸ் ஏறி வந்தாள். ஈரல் தின்றால் ஈரல் வளருமாம். எதிர்வீட்டுச் சேச்சி சாயாவோடு, நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி கொண்டுவந்தார். அண்ணனோடு மாநகராட்சியில் குப்பை அள்ளியவர் தினமும் நாலு முட்டை கொடுத்தனுப்பினார். வேண்டாமென்றால் எல்லாருக்கும் முகம் சுருங்கிவிடும். காலையும் மாலையும் நடையாய் நடந்தும் மூன்று வாரத்தில் ஒரே ஒரு கிலோதான் இறங்கியது. வந்ததில் பாதியை நான்தானே தின்று தொலைத்தேன்! என் மேலேயே எனக்கு எரிச்சல்.

ஒருநாள் அத்தையிடம் வெடித்தேன். "நான் எடை குறையணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு அத்தே!"

"எங்கிட்ட ஏன் சாடுறே? நல்லா தின்னு தேறணும்னு டாக்டர் பறஞ்சாருன்னு உங்கண்ணன்தானே எல்லார்கிட்டயும் சொல்லுறான்!"

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். மஞ்சள் கண்ணும் வீங்கிய வயிறுமாகக் கட்டிலில் சாய்ந்திருந்தான். "அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன்.

"டாக்டர் இன்னொண்ணும் சொன்னாருல்ல," என்றான் மெதுவாக. "கொடுக்கிற ஆளும் செத்துப்போகலாம்னு. உனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு."

சொன்னார்தான். நானும் கேட்டேன். ஆனால் என் காதில் தங்கியது ஆறு கிலோ மட்டும். அவன் காதில் தங்கியது இது மட்டும். ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

"இன்னும் மூணு வாரம் இருக்கு. நான் குறைச்சுக் காட்டறேன். அதுவரைக்கும் நீ சாகாம இரு, போதும்."