பென்குயினுக்கு ஒரு கதவு

வெள்ளைக்காரன் காலத்தில், என்னைப் பெண் பார்க்கும் படலம் மிருகக்காட்சிச்சாலையில் நடந்தது. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் குழம்பியிருந்தது. இன்னொன்றும் குழம்பினால் நாங்கள் இருந்த வெள்ளவத்தை முழுக்கக் கதைக்கும் என்று அப்பாவுக்குப் பயம். அதனால் இரண்டு குடும்பமும் தற்செயலாகப் பென்குயின் பார்க்க வந்ததாக ஏற்பாடு.

கப்பலில் புதிதாக வந்திறங்கிய பென்குயின்கள் அவை. கொழும்பு வெயிலுக்காகத் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டிருந்தார்கள். பக்கத்தில் அவை ஒதுங்கிக்கொள்ள, கதவுக்குப் பதில் ஈரச்சாக்குத் தொங்கும் சின்ன அறை. காவலாளி சிங்களத்தில் கண்டிப்பாகச் சொன்னார்: தானாக வெளியே வந்தால் முதுகைத் தடவலாம், அறைக்குள் போய்விட்டால் யாரும் கூப்பிடக்கூடாது.

மாப்பிள்ளையின் அம்மா முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"கொஞ்சம் திரும்பு பிள்ளை, பின்னலைப் பாப்பம்."

திரும்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

பிறகு ஒரு பென்குயினைத் தடவினார். அது கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டது.

"கூப்பிடச் சொல்லுங்கோ! டிக்கெற் எடுத்தெல்லோ வந்தனாங்கள்!"

"விடுங்கோ அம்மா, அதுக்குக் காணுமாம், போதுமாம்," என்றார் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை.

எனக்கு அந்தப் பறவை மேல் பொல்லாத பொறாமை வந்தது. அதற்கு ஒரு கதவு இருக்கிறது, எனக்கு இல்லையே! விறுவிறு என்று நடந்துபோய் ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டேன்.

"பிள்ளை, இஞ்சை வா!" அம்மாவின் குரல் கெஞ்சியது. நான் அசையவில்லை.

மாப்பிள்ளை வந்தார். மரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு நினைக்கிறன். விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ. நான்தான் வேண்டாமெண்டனான் எண்டு சொல்லிவிடுறன்."

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நல்ல மனுசன் என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் சாக்கு விலகியது. பென்குயின் தலையை ஆட்டி ஆட்டித் தானாக வெளியே வந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நானும் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். பெண்ணைப் பற்றித் தன் முடிவைச் சொல்ல மாப்பிள்ளையின் அம்மா அப்போதுதான் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு விருப்பம்," என்றேன் நான், முந்திக்கொண்டு.