சின்னம்மா இடித்த பூச்சட்டி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது என் சின்னம்மா, அம்மாவின் தங்கை, கார் ஓட்டப் பழகினார். இலங்கையிலிருந்து தனியாக நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து எங்களோடு இருந்தார். நகரத்துக்கு வெளியே புக்கெகோஹியில் மரக்கறி பொதிசெய்யும் இடத்தில் வேலை. கார் இல்லாமல் அங்கே போய்வருவது பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழக்குவார். மற்ற நேரங்களில் பொறுமைசாலியான அப்பா அந்த ஒரு மணி நேரம் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். பின்சீட்டில் எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஒருநாள் அப்பா எங்களைத் தெற்கே ஒரு பழைய நிலக்கரி ஊர்ப் பக்கம் கூட்டிப்போனார். மோட்டர்வே வேகம் என்றால் சின்னம்மாவுக்கு நடுக்கம். அதனால் அந்த ஊர்வரை அப்பாதான் ஓட்டினார். அங்கே சாலையோரம் கார் நிறுத்த விசாலமான இடம், ரிவர்ஸ் பழகத் தோது என்பது அவருடைய கணிப்பு. அந்த இடத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கல் நின்றதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. சின்னம்மா பின்னால் எடுத்தார்; 'டமார்' என்றது. கல்லுக்கு ஒன்றுமில்லை. அதன் முன்னாலிருந்த பூச்சட்டிதான் நொறுங்கிப்போனது.

அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவருமில்லை.

"ஏறும், போவம்."

சின்னம்மா ஏறவில்லை. குந்தியிருந்து மண்ணைக் கையால் கூட்டி, செடியை நிமிர்த்தி வைத்தார். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். முந்தி ஒருகாலம் சுரங்கம் வெடித்துச் செத்துப்போன தொழிலாளிகளின் பெயர்கள் என்றேன். ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொன்னார். அப்பா ஹோர்ன் அடித்தார். நான் வாசித்து முடிக்கும்வரை சின்னம்மா அசையவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு பெரிய பூச்சட்டியும் சிவப்புப் பூச்செடியும் என் பக்கத்தில் சீட்பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. சின்னம்மா ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தார்.

"நீர் இரும், நான் கொண்டுபோய் வைச்சிட்டு வாறன்" என்றார் அப்பா.

"நான் உடைச்சதை நீங்கள் ஏன் அத்தான் வைக்கிறது?"

மோட்டர்வேயில் லொறிகள் எங்களை உரசுவதுபோல் கடந்தன. யாரோ ஹோர்ன் அடித்தார்கள். சின்னம்மாவின் கழுத்தில் வியர்வை வழிந்தது. "வேண்டுமெண்டால் ஓரமா நிப்பாட்டும்" என்று அப்பா இரண்டு தரம் சொல்லிப்பார்த்தார். சின்னம்மா நிறுத்தவில்லை.

அங்கே வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னம்மா நேராக அவரிடம் போய், தெரிந்த இங்கிலீஷில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மிச்சத்தை நான் சொன்னேன். அவர் சிரித்தார், பழைய சட்டி, போனால் போகட்டும் என்றார். தன் பாட்டனாரின் பெயரும் அந்தக் கல்லில் இருப்பதாகத் தொட்டுக் காட்டினார்.

சின்னம்மா என் தோளைப் பிடித்தார். "எல்லாரையும் வெளியில எடுத்தவையோ எண்டு கேள்."

கேட்டேன். எடுத்தார்களாம். கடைசி ஆளை எடுக்க நெடுநாள் பிடித்ததாம். அதுவரை வீட்டுப் பெண்கள் சுரங்க வாசலை விட்டுப் போகவில்லையாம்.

சின்னம்மா அந்தப் பெண்மணியின் ஈரக் கைகளைப் பிடித்து "தேங்க் யூ, தேங்க் யூ" என்று அழத் தொடங்கினார். அப்பா வேறெங்கோ பார்த்தார். பிறகு சின்னம்மா முகத்தைத் துடைத்து, புதுச் சட்டியைத் தானே தூக்கி வைத்து, வீடுவரை தானே ஓட்டினார்.

சின்னம்மாவின் கணவர், என் சித்தப்பா, ஊரில் நிற்கிறார், பிறகு வருவார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். போரின் கடைசியில் அவர் காணாமல்போனதும், சின்னம்மா அவரைத் தேடி ஒவ்வொரு முகாமாக அலைந்ததும் எனக்குத் தெரியவந்தது வளர்ந்த பிறகு. அன்று பின்சீட்டில் எனக்கிருந்த குழப்பம் ஒன்றுதான்: தோண்டி எடுத்தது அந்த அம்மா இல்லையே, அவருக்கு எதற்கு இத்தனை நன்றி?