தண்ணீர் போகிறதா என்று கேட்ட அப்பா

நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதம்மா என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அட்டையில் ‘பூங்கா தந்த பெருந்தகை’ என்று போடவும் ஏற்பாடு செய்திருந்தார். சண்டை போட்டு எடுக்க வைத்தேன். அப்பா இருந்திருந்தால் அந்த அட்டையைக் கிழித்தே போட்டிருப்பார்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்து, ஓட்டலில் மாவாட்டிப் படித்து, கல்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டை ஒட்டிய எங்கள் நகரில் வீடு கட்டினார். அக்கம்பக்கத்தாரும் எங்களைப் போலவே வெளியூரிலிருந்து வந்த சம்பளக்காரர்கள்தான். வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓடியது. பன்றி, பிளாஸ்டிக் பை, கொசு. சோற்றுத் தட்டில் ஈ உட்காராத நாளில்லை.

விடுமுறை நாளெல்லாம் அப்பா அதில் இறங்கி அள்ளினார். பிறகு நகரவாசிகளைச் சேர்த்துக்கொண்டு, சாக்கடையைச் சிமெண்ட் குழாய்க்குள் விட்டு, மேலே மண் கொட்டிப் பூங்கா அமைத்தார். அரளி, செம்பருத்தி, உட்கார இரண்டு பெஞ்சு.

வேலை நடக்கும்போதே கீழ்த்தெரு முனியம்மா அக்கா வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்து, கூலி வேலை செய்தவர்.

“இன்னா சாரே பண்ற? இது ஏரித் தண்ணி போற வழி. ஏரி ரொம்பி வந்தா இந்த பைப்புல அடங்குமா?”

“மூணு வருசமா பாக்கேன்ம்மா, சாக்கடைதான ஓடுது. ஏரி எங்க நிறையுது?” என்றார் அப்பா.

நாங்களும் சிரித்தோம். வறண்ட வருடங்களில் குடியேறிய எங்களுக்கு அது ஓடை என்றே தெரியவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது. குழாய் கொள்ளாத தண்ணீர் பூங்கா மேட்டில் முட்டி, பக்கத்துக் கீழ்த்தெருவுக்குள் பாய்ந்தது. முனியம்மா அக்காவின் மண்சுவர் விழுந்தது. அவர் மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் கூழாகிப் போயின. உயிர் போகாதது எங்கள் அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை. எங்கள் வாசல் நனையக்கூட இல்லை. நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

இடுப்பளவுத் தண்ணீரில் கடப்பாரையோடு இறங்கி, தாம் வைத்த பூங்காவை அப்பா தாமே பிளந்தார். பிறகு ஓடையை அகலமாகத் திறந்துவிட்டு, கரைகளில் மட்டும் செடி வைத்தார். இன்று எல்லோரும் புகழும் பூங்கா அதுதான். அதன் பெஞ்சில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அக்காவின் சுவரைக் கட்டிக் கொடுத்தார். சான்றிதழ்களுக்காக அந்தப் பெண்ணோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்.

மழை வந்தால் போதும், குடையோடு கீழ்த்தெருவுக்குக் கிளம்பிவிடுவார்.

“தண்ணி போகுதாம்மா?”

“அதான் கண்ணு கீதே, பாத்துக்க சாரே” என்பார் அக்கா, முகம் கொடுக்காமல். அப்பா ஓடையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி ஜன்னலில் சாரல் அடித்தாலும் என்னிடம் அதே கேள்விதான்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், இரத்தம் கொடுத்த அலுவலக நண்பர்களுக்கும், வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்ட எதிர்வீட்டாருக்கும் எங்கள் நன்றி. ஒரு நன்றியைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அப்பாவை எடுத்த அன்றும் மழை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனியம்மா அக்கா வந்தார். மாலை இல்லை, அழவும் இல்லை. அப்பாவின் முகத்தருகே குனிந்தார்.

“தண்ணி போய்க்கினுதான் கீது சாரே.”

அவர் இருந்தபோதே ஒருதரம் சொல்லியிருக்கக் கூடாதா அக்கா என்று கேட்கத் தோன்றியது. எந்த வாயால் கேட்பது? கையெடுத்துக் கும்பிட்டேன்.