சூரியன் மறைந்த மத்தியானம்

மகன் வாடகைக்கு எடுத்துவந்த பேய்ப்படம் யாரும் கேள்விப்படாதது, அதிகம் செலவில்லாமல் எடுத்தது. உலகம் அழியப்போகிறது என்று நம்பும் ஒரு கூட்டம் கைகோத்துப் பாடத் தொடங்கியது. நான் மகனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

1930களில், நான் சிறுமியாக இருந்தபோது, இலங்கை மலைநாட்டில் இறம்பொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு சாமியார் வந்தார். பட்டப்பகலில் சூரியன் செத்துப்போகும், அன்றைக்கு உச்சிப் பாறையிலிருந்து கைகோத்து அந்தரத்தில் அடியெடுத்து வைப்பவர்கள் மட்டுமே பிழைப்பார்கள் என்றார். வேலையில்லையென்று தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பலர் நம்பினார்கள். என் பெரியம்மா முழுசாக நம்பினாள்.

ஒரு மத்தியானம் மூடுபனி இறங்கி மலையே இருண்டது. "சூரியன் செத்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். ஈரத் தேயிலை வாசத்துக்குள் பாடிக்கொண்டே ஏறினோம். பெரியம்மா முன்னால் போனாள். அவள் கையை அம்மா பிடித்திருந்தாள், அம்மா கையை நான். கீழே அருவி இரைந்தது. பாறையின் விளிம்பு தெரியவில்லை.

அம்மா சட்டென்று நின்றாள். "சாமி, நீங்க மொதல்ல போங்க. நாங்க பின்னாடியே வாறோம்."

"எல்லாரையும் அனுப்பிட்டுத்தான் நான் வருவேன்" என்றார் அவர், எங்களுக்குப் பின்னாலிருந்து.

பாட்டு நின்றது. "நில்லுக்கா! வா, லயத்துக்குப் போயிருவோம்" என்று அம்மா இழுத்தாள்.

பெரியம்மா கையை உருவிக்கொண்டாள். "நீ புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ. நான் போய்ப் பாத்துட்டுக் கூப்புடுறேன்" என்று சிரித்தபடி பனிக்குள் நடந்தாள்.

அம்மா என்னை இறுக்கிக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அருவிச் சத்தம் மட்டுமே கேட்டது. பனி விலகியபோது சாமியாரையும் காணவில்லை.

"வெறும் படந்தானேம்மா" என்று மகன் டீவியை அணைத்தான். எனக்கு அப்படியொரு பெரியம்மா இருந்ததே அவனுக்குத் தெரியாது.